போரா வீசிய இரவின் கணக்கு

திரியெஸ்தெயில் காற்றுக்குப் பெயர் உண்டு: போரா.
கார்ஸோ மேட்டிலிருந்து கடலைத் தேடி இறங்கும்போது
வழியில் நிற்கும் யாரையும் அது கேட்பதில்லை.
நேற்றிரவு இரண்டு பத்துக்கு
ஒரு மின்கம்பியை அறுத்தது.

என் பம்பு நின்றது.

ஆறு கண்ணாடித் தகடுகள்.
ஒவ்வொன்றிலும் ரத்தக்குழாயின் உட்சுவர்,
ஒரே ஒரு செல் கனத்தில்.
பிரசவ வார்டிலிருந்து ஒண்டினா
பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து
பஸ்ஸில் மடிமீது கொண்டுவந்த தொப்புள்கொடி.
குப்பைக்குப் போகவேண்டியது.
பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.
அதன் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாது.
எங்களுக்கு அது நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றின் செல்களுக்கு
மூன்று நாளாக ஓட்டம் பழக்கினேன்.
கல் பாவிய தெருபோல் கிடந்தவை
மெல்ல நீண்டன, ஒல்லியாயின,
நீர் போகும் திசைக்குச் சாய்ந்து படுத்தன,
மேட்டில் காற்று வளர்த்த பைன் மரங்கள்போல.

உரசினால் தேயும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.
இவை உரசாவிட்டால் தேய்கின்றன.
ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒன்று
முதுகைத் தடவிக்கொண்டே போகவேண்டும்:
இரு, இரு, இரு.
அந்தச் சொல் நின்றால்
செல் யாரையும் குறை சொல்லாது.
தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
அடைகாப்புப் பெட்டி பேட்டரியில் வெதுவெதுப்பாக இருந்தது.
பம்பை யாரும் பேட்டரியில் சேர்த்திருக்கவில்லை.
அந்த யாரும் நான்தான்.

சாயம் ஊற்றினேன்.
சாகப்போகும் செல்
உள்ளே இருக்கவேண்டிய கொழுப்பை வெளியே திருப்பும்,
கடைசிக் காசும் போனவன்
சட்டைப்பையை இழுத்துக் காட்டுவதுபோல.
அதைத்தான் சாயம் பிடிக்கும். பச்சையாக மின்னும்.
நுண்ணோக்கியில் ஒரு நகரமே
பையை இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றது.

எண்ணினேன். வேறென்ன செய்வது?
முதல் தகடு, நூற்றுக்குப் பதினெட்டு.
இரண்டாவது, இருபத்திரண்டு.
மூன்றாவதை இரண்டு தடவை எண்ணினேன், நம்பாமல்.

நான்காவது கிளை பிரியும் தகடு.
அதன் கவட்டில் நீர் நேராகப் போகாது;
சுழலும், தயங்கும், வந்த வழியே திரும்பிப் பார்க்கும்.
அங்கிருந்த செல்கள் எந்தத் திசைக்கும் சாய்ந்ததில்லை.
அங்கே செத்தவை இருபது.
முந்தாநாள் எழுதிவைத்ததைப் புரட்டினேன்.
பம்பு நன்றாக ஓடிய அன்றும்
இருபதுதான்.

நோட்டை மூடி, மறுபடி திறந்தேன்.
மற்ற இடங்களுக்கு நேற்றுத்தான் மின்சாரம் போனது.
கவட்டுக்கு அது எப்போது வந்தது?

'தூக்கிப் போடு' என்றார் துல்லியோ.
'காற்றை எந்தப் பத்தியில் எழுதுவாய், நிவெஸ்?'
சொன்னவரின் காலருக்கு மேலே
போன வருடத்துத் தழும்பு தெரிந்தது,
தாடைக்குக் கீழே,
பெருங்குழாய் இரண்டாகப் பிரியும் அதே இடத்தில்.
அவர் அதைத் தடவிக்கொண்டார்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
பிறகு, 'சரி, எழுது' என்றார்,
காபி எடுக்கப் போனார்.

மாலையிலும் காற்று அடங்கவில்லை.
நேர்த்தெருவில் எல்லோரும் ஒரே கோணத்தில் சாய்ந்து நடந்தோம்,
தொப்பியைப் பிடித்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி.
தெரு இரண்டாகப் பிரியும் மூலையில்
காற்று தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது.
சிகரெட் பெட்டி, இலை, ஒற்றைக் கையுறை,
உள்வெளியாகத் திரும்பிய ஏழு குடைகள்.

ஏழுதான். எண்ணினேன்.

பம்பை இன்று பேட்டரியில் மாட்டிவிட்டேன்.
நாளை காலை ஒண்டினா நாற்பத்திரண்டைக் கொண்டுவருவாள்.
கவட்டில் நீரை எப்படி நேராக ஓடவைப்பது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.